எதிர்க்கட்சி எம்.பி. நாடாளுமன்றத்தில் என்ன செய்கிறார்? வாக்கு, கேள்வி, பேச்சு ஆகியவற்றைப் பின்தொடரும் முறை

நம் தொகுதியின் மக்களவை உறுப்பினர் எதிர்க்கட்சியைச் சேர்ந்தவராக இருக்கிறார்; அவர் எந்த மசோதாவுக்கு எப்படி வாக்களித்தார், என்ன கேட்டார், என்ன பேசினார் என்பதை ஒரு வாக்காளர் எங்கே பார்ப்பது, தேர்தல் நெருங்கும்போது கைப்பேசிகளில் வலம் வரும் வருகைச் சதவீதங்களையும் கேள்வி எண்ணிக்கைகளையும் எவ்வளவு தூரம் நம்புவது என்பதே கேட்கப்பட்டிருக்கும் கேள்வி. பதிவுகள் பெரும்பாலும் பொதுவெளியில்தான் இருக்கின்றன. ஆனால் அவற்றைக் கூட்டி மதிப்பெண் போடுவதால் ஒருவரின் பணி தெரிந்துவிடாது. ஒரு குறிப்பிட்ட விவகாரத்தைப் பிடித்துக்கொண்டு, அந்த ஒன்றில் அவர் கேட்ட கேள்வி, பெற்ற பதில், அந்தப் பதிலை வைத்துப் பேசிய பேச்சு, கொடுத்த திருத்தம், கடைசியில் அளித்த வாக்கு என்று வரிசையாகப் பின்தொடரும்போதுதான் அவர் உழைக்கிறாரா, பெயருக்கு இருக்கிறாரா என்பது புலப்படும்.

வாக்கிலிருந்து தொடங்குகிறேன்; ஏனெனில் பலரும் முதலில் தேடுவதும், தேடி ஏமாறுவதும் அதில்தான். நம் நாடாளுமன்றத்தில் பெரும்பாலான மசோதாக்கள் குரல் வாக்கெடுப்பிலேயே நிறைவேறுகின்றன. ஆதரிப்போரும் எதிர்ப்போரும் குரல் கொடுக்க, எந்தப் பக்கம் ஓங்கியிருக்கிறது என்று சபாநாயகர் அறிவித்துவிடுகிறார். யார் எந்தப் பக்கம் குரல் கொடுத்தார் என்பது எந்த ஏட்டிலும் ஏறுவதில்லை. பெயர் பதிவாக வேண்டுமானால், உறுப்பினர் யாராவது அந்த அறிவிப்பை ஏற்காமல் 'டிவிஷன்', அதாவது வாக்குகளை எண்ணிப் பதிவு செய்யும் வாக்கெடுப்பு, கேட்க வேண்டும். கேட்டதும், மக்களவை விதி 367-இன்படி லாபிகளை (அவையை ஒட்டிய கூடங்களை) காலி செய்யச் சொல்லி மணி ஒலிக்கும். 3 நிமிடம் 30 விநாடி கழித்துத் தீர்மானம் இரண்டாம் முறை அவையின் முன் வைக்கப்படும். அப்போதும் முடிவு மறுக்கப்பட்டால் உறுப்பினர்கள் தத்தம் இருக்கையில் உள்ள பொத்தானை அழுத்தியோ சீட்டில் எழுதியோ வாக்களிப்பார்கள். டிவிஷன் தேவையில்லாமல் கேட்கப்படுகிறது என்று சபாநாயகர் கருதினால், ஆதரிப்போரையும் எதிர்ப்போரையும் இருந்த இடத்திலேயே எழுந்து நிற்கச் சொல்லித் தலைகளை எண்ணி முடிவை அறிவிக்கவும் அதே விதி இடம் தருகிறது. அப்படி எண்ணும்போது வாக்களித்தவர்களின் பெயர்கள் பதிவாவதில்லை.

ஆகவே 'நம் எம்.பி. இந்த மசோதாவை எதிர்த்து வாக்களித்தாரா' என்ற கேள்விக்கு, பல நேரங்களில் பதிவின்படி பதிலே கிடையாது. 2020 செப்டம்பர் 20 அன்று மாநிலங்களவையில் இரண்டு வேளாண் மசோதாக்கள் கூச்சலுக்கு நடுவே குரல் வாக்கெடுப்பில் நிறைவேற்றப்பட்டதையும், டிவிஷன் கேட்டும் தரப்படவில்லை என்று எதிர்க்கட்சிகள் கொந்தளித்ததையும், மறுநாள் எட்டு உறுப்பினர்கள் இடைநீக்கம் செய்யப்பட்டதையும் பலரும் நினைவில் வைத்திருப்பார்கள். உறுப்பினர்கள் இருக்கையில் இல்லாமல் அவையின் மையத்தில் நின்றதால் டிவிஷன் நடத்த இயலவில்லை என்பது அவையை நடத்தியவர் தரப்பின் விளக்கம். எந்தத் தரப்பு சரி என்பது ஒருபுறம் இருக்கட்டும். நாட்டையே உலுக்கிய ஒரு சட்டத்தின் மீது மாநிலங்களவை உறுப்பினர் ஒவ்வொருவரும் எப்படி வாக்களித்தார் என்ற பட்டியல் இல்லாமல் போய்விட்டது என்பதை வாக்காளர்கள் மறந்துவிடக் கூடாது.

பெயர் நிச்சயமாகப் பதிவாகும் இடம் ஒன்று உண்டு. அரசியலமைப்புத் திருத்த மசோதாவுக்கு, பிரிவு 368-இன்படி, அவையின் மொத்த உறுப்பினர்களில் பெரும்பான்மையும் வந்திருந்து வாக்களித்தவர்களில் மூன்றில் இரண்டு பங்கும் வேண்டும் என்பதால், எண்ணியே தீர வேண்டும். மகளிர் இடஒதுக்கீட்டுக்கான மசோதா 2023 செப்டம்பர் 20 அன்று மக்களவையில் 454-க்கு 2 என்று நிறைவேறியதும், மறுநாள் மாநிலங்களவையில் 214 பேர் ஆதரிக்க எதிர்ப்பே இல்லாமல் நிறைவேறியதும் இப்படித்தான் துல்லியமாகத் தெரியவந்தன. நம்பிக்கையில்லாத் தீர்மானம், அறிமுக நிலையிலேயே எதிர்க்கப்படும் மசோதா, எதிர்க்கட்சிகள் முன்கூட்டியே திட்டமிட்டு டிவிஷன் கேட்கும் மசோதா ஆகியவற்றிலும் பட்டியல் கிடைக்க வாய்ப்புண்டு.

அந்தப் பட்டியலைப் படிக்கும்போது ஒரு சிறு சொற்றொடரைக் கவனியுங்கள். முடிவை அறிவிக்கும்போது சபாநாயகர் 'திருத்தத்துக்கு உட்பட்டு' என்று சொல்லித்தான் எண்களை வாசிப்பார். 2024 டிசம்பர் 17 அன்று ஒரே நேரத்தில் தேர்தல் நடத்துவதற்கான அரசியலமைப்புத் திருத்த மசோதாவை அறிமுகம் செய்யும் தீர்மானத்தில், மின்னணுப் பலகை முதலில் 220-க்கு 149 என்று காட்டியது. சீட்டுகளில் எழுதித் தரப்பட்ட வாக்குகளையும் சேர்த்த பிறகு 269-க்கு 198 என்று ஆனது. பலகையின் படத்தை மட்டும் பார்த்துவிட்டு 'நம் எம்.பி. வாக்களிக்கவே இல்லை' என்று ஒருவர் எழுதியிருந்தால் அது அநியாயமாகப் போயிருக்கும். சீட்டு மூலம் வாக்களித்தவர்களின் பெயர்கள் அவைக்குறிப்பில் தனிக் குறிப்பாக வரும்; அதையும் பார்த்த பிறகே பட்டியலை முழுமையானதாகக் கொள்ள வேண்டும்.

இத்தனையும் தேடிப் பிடித்த பிறகும், வாக்கு ஒரு தனி மனிதரின் மனத்தைக் காட்டும் என்று எதிர்பார்க்க முடியாது. 1985-இல் அரசியலமைப்பின் 52-ஆவது திருத்தத்தின் மூலம் வந்த, கட்சித் தாவலைத் தடுக்கும் பத்தாவது அட்டவணையின்படி, கட்சிக் கொறடாவின் உத்தரவை மீறி வாக்களித்தாலோ, அனுமதியின்றி வாக்களிக்காமல் இருந்தாலோ, கட்சி 15 நாட்களுக்குள் அதை மன்னிக்காவிட்டால் பதவியே பறிபோகலாம். எனவே எதிர்க்கட்சி உறுப்பினர் ஒருவர் கட்சியோடு சேர்ந்து எதிர்த்து வாக்களித்தார் என்பதில் அவரைப் பற்றி அறிவதற்கு அதிகம் இல்லை. அது கட்சியின் வாக்கு. அவரைப் பற்றி அறிய உதவுவது, கட்சி அழைத்தும் அவர் அங்கே இல்லாமல் போன நாள்தான். குடியரசுத் தலைவர், குடியரசுத் துணைத் தலைவர் தேர்தல்களைக் கொறடா உத்தரவு கட்டுப்படுத்தாது; ஆனால் அவை ரகசிய வாக்கெடுப்பு என்பதால் அங்கேயும் வெளியிலிருந்து எதையும் பார்க்க முடியாது.

பட்டியலில் பெயர் இல்லை என்றால் உடனே குற்றம் சாட்டிவிடவும் கூடாது. பொருளாதாரத்தில் பின்தங்கிய பிரிவினருக்கு 10 சதவீத இடஒதுக்கீடு தரும் மசோதா 2019 ஜனவரி 8 அன்று மக்களவையில் 323-க்கு 3 என்று நிறைவேறியபோது, அதைக் கடுமையாக விமர்சித்த அ.தி.மு.க. உறுப்பினர்கள் வெளிநடப்புச் செய்துவிட்டார்கள். வெறும் பட்டியலைப் பார்ப்பவருக்கு, தமிழ்நாட்டிலிருந்து வந்த இத்தனை பேரும் அன்று ஊரிலேயே இருந்துவிட்டார்கள் என்றுதான் தோன்றும். வெளிநடப்பு ஒரு நிலைப்பாடுதான் என்றாலும், எதிர்த்துப் பேசிவிட்டு எதிர்த்து வாக்களிக்காமல் வெளியேறுவது எதிர்ப்பின் எடையைக் குறைக்கிறது என்பது என் கருத்து. பேச்சையும் பட்டியலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கச் சொல்வது இதற்காகத்தான்.

இடைநீக்கம் இன்னொரு காரணம். 2023 டிசம்பரில் இரு அவைகளிலும் சேர்த்து 146 உறுப்பினர்கள் இடைநீக்கம் செய்யப்பட்டிருந்த நிலையில்தான், இந்திய தண்டனைச் சட்டத்துக்கும் குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்கும் சாட்சியச் சட்டத்துக்கும் மாற்றாக வந்த மூன்று மசோதாக்கள் நிறைவேறின. அந்த நாட்களுக்கான வருகைப் பதிவேட்டில் அவர்கள் கையெழுத்து இருக்காது. கேள்விப் பட்டியலிலும் பெயர் இருக்காது. எண்களை மட்டும் தொகுப்பவர் இதைச் சோம்பல் என்று கணக்கில் எழுதிவிடுவார். ஆகவே ஒரு எதிர்க்கட்சி உறுப்பினரின் ஐந்தாண்டுக் கணக்கைப் பார்க்கும் முன், அவர் எந்தெந்த நாட்களில் இடைநீக்கத்தில் இருந்தார் என்பதைத் தனியாகக் குறித்துவைத்துக்கொள்வது அவசியம்.

வாக்குப் பட்டியலைவிட எனக்குப் பயன்பட்டது, திருத்தங்களின் பட்டியல். மசோதா ஒன்றின் எந்த உட்பிரிவில் எந்தச் சொல்லை மாற்ற வேண்டும் என்று எழுத்துமூலம் கொடுப்பதற்கு மசோதாவை வரிவரியாகப் படித்திருக்க வேண்டும். கேரளத்தின் கொல்லம் தொகுதி உறுப்பினர் என்.கே. பிரேமச்சந்திரன் ஒற்றை உறுப்பினர் கட்சியிலிருந்து வந்தும், அவசரச் சட்டங்களை ஏற்க மறுக்கும் தீர்மானங்களையும் உட்பிரிவுத் திருத்தங்களையும் விடாமல் கொடுத்துவருபவர் என்று அவையில் பெயர் பெற்றவர். அவற்றில் ஏறக்குறைய எல்லாமே தோற்கடிக்கப்படும் என்பது கொடுக்கும்போதே தெரியும். ஆனால் அந்தச் சட்டம் பின்னால் நீதிமன்றத்துக்குப் போகும்போது, இந்த ஓட்டை அன்றைக்கே சுட்டிக்காட்டப்பட்டது என்பதற்கு அந்தத் தோற்றுப்போன திருத்தம்தான் சாட்சியாக நிற்கும். எதிர்க்கட்சியின் திருத்தம் எப்போதுமே தோற்கும் என்றும் நினைக்க வேண்டியதில்லை; 2015 மார்ச்சில் குடியரசுத் தலைவர் உரைக்கு நன்றி தெரிவிக்கும் தீர்மானத்தில், கறுப்புப் பணம் குறித்து சீத்தாராம் யெச்சூரி கொண்டுவந்த திருத்தம் மாநிலங்களவையில் 118-க்கு 57 என்று வென்றது.

இனி, கேள்விகள். எதிர்க்கட்சி உறுப்பினரின் கையில் இருப்பவற்றில் மிக வலிமையானது இதுதான் என்று உறுதியாக நம்புகிறேன். அரசைப் பதில் சொல்லியே தீர வைக்கும் வேறு வழி அவருக்கு அவ்வளவாக இல்லை. மக்களவையில் ஒரு நாளுக்கு 20 நட்சத்திரக் கேள்விகளும் 230 நட்சத்திரமில்லாக் கேள்விகளும் பட்டியலிடப்படுகின்றன. மாநிலங்களவையில் இவை 15, 160. நட்சத்திரக் கேள்விக்கு அமைச்சர் அவையில் எழுந்து பதில் சொல்ல வேண்டும், துணைக் கேள்விகளும் கேட்கலாம். மற்றதற்கு எழுத்தில் பதில் வரும். குறைந்தது 15 நாட்களுக்கு முன்பே நோட்டீஸ் தர வேண்டும்; அமைச்சகங்கள் ஐந்து தொகுதிகளாகப் பிரிக்கப்பட்டு, வாரத்தின் ஒவ்வொரு நாளும் ஒரு தொகுதிக்கு ஒதுக்கப்பட்டிருக்கும்; வந்து குவியும் நோட்டீஸ்களில் எவை பட்டியலில் ஏறும் என்பது குலுக்கலில் முடிவாகும். ஒரு நாள் பட்டியலில் ஓர் உறுப்பினருக்கு அதிகபட்சம் ஐந்து கேள்விகள்தான், அவற்றில் ஒன்றுக்கு மட்டுமே நட்சத்திரம்.

எண்ணிக்கையை மட்டும் பார்ப்பவர்கள் தவறவிடுவது இந்தக் குலுக்கலைத்தான். நட்சத்திரக் கேள்வி கிடைப்பதில் அதிர்ஷ்டத்துக்கும் பங்கு உண்டு. கிடைத்தாலும் அது வாய்மொழியாக எடுத்துக்கொள்ளப்படும் என்ற உறுதி இல்லை; பல நாட்களில் ஒரு மணி நேரத்துக்குள் நான்கைந்து கேள்விகளைத் தாண்டுவதே பெரும்பாடு. 2019 நவம்பர் 27 அன்று மக்களவையில் 20 நட்சத்திரக் கேள்விகளும் எடுத்துக்கொள்ளப்பட்டபோது, 1972-க்குப் பிறகு இப்படி நடப்பது இதுவே முதல் முறை என்று செய்தியானது. அவை அமளியில் ஒத்திவைக்கப்பட்டால் நட்சத்திரக் கேள்வியும் எழுத்துப் பதிலாகச் சுருங்கிவிடும்; துணைக் கேள்வி கேட்கும் வாய்ப்பு போய்விடும். கேள்வி நேரத்தை முடக்கும் போராட்டத்தால் எதிர்க்கட்சிக்கே இழப்பு அதிகம் என்று நான் கருதுவது இதனால்தான். ஓர் அமைச்சர், தயாரித்து வந்த தாளை விட்டு, தன் துறையைப் பற்றிய எதிர்பாராத துணைக் கேள்விக்கு நின்ற இடத்தில் பதில் சொல்ல வேண்டிய அந்த ஒரு நிமிடம் மிக அரிதானது.

எண்ணிக்கையில் இன்னொரு சிக்கலும் உண்டு. பல உறுப்பினர்கள் ஒரே மாதிரியான கேள்வியைக் கொடுத்தால், அவர்கள் பெயர்களை ஒன்றாகச் சேர்த்து ஒரே கேள்வியாக அச்சிடுவார்கள். கணக்கிலோ ஒவ்வொருவருக்கும் ஒன்று கூடும். தரமும் ஒன்றுபோல் இராது. 'இத்திட்டத்தின் விவரங்கள் என்ன' என்று கேட்கப்பட்ட கேள்விக்குத் துறையின் விளம்பரக் குறிப்பைப் போன்ற ஒரு பதில் வரும். 'ஒதுக்கப்பட்ட தொகை எவ்வளவு, செலவானது எவ்வளவு, மீதி ஏன் செலவாகவில்லை, ஆண்டுவாரியாகவும் மாநில வாரியாகவும் தருக' என்று கேட்கப்பட்ட கேள்விக்கு அட்டவணையோடு பதில் வரும், அல்லது தகவல் இல்லை என்ற பதில் வரும். தகவல் இல்லை என்ற பதிலுக்கும் பெரும் மதிப்பு உண்டு. 2020 செப்டம்பரில், பொது முடக்கத்தின்போது இறந்த புலம்பெயர் தொழிலாளர்கள் பற்றிய தரவு பராமரிக்கப்படவில்லை என்று மக்களவையில் அரசு சொன்ன பதிலும், 2021 ஜூலையில், இரண்டாம் அலையில் ஆக்சிஜன் பற்றாக்குறையால் இறந்ததாக மாநிலங்கள் குறிப்பாகத் தெரிவிக்கவில்லை என்று மாநிலங்களவையில் தரப்பட்ட பதிலும் நாடு முழுக்க விவாதமாயின. ஒரு கேள்வி கேட்கப்பட்டிருக்காவிட்டால், அரசு அதை ஒருபோதும் தானாக எழுத்தில் கொடுத்திருக்காது.

பதில்களைப் படிக்கும்போது சில வாசகங்களை அடிக்கோடிட்டு வைத்துக்கொள்ளுங்கள். 'இது அரசின் பரிசீலனையில் உள்ளது', 'தகவல் சேகரிக்கப்பட்டு வருகிறது, அவையின் முன் வைக்கப்படும்', 'உரிய நடவடிக்கை எடுக்கப்படும்' என்பவை படிப்பவருக்குத் தட்டிக்கழிப்பதாகத் தோன்றினாலும், நாடாளுமன்ற நடைமுறையில் இவற்றுக்கு ஒரு கனம் உண்டு. இத்தகைய சொற்கள் அரசின் உறுதிமொழியாகக் கொள்ளப்பட்டு, இரு அவைகளிலும் உள்ள அரசு உறுதிமொழிக் குழுவின் கண்காணிப்புக்குப் போகின்றன. மூன்று மாதங்களுக்குள் அவற்றை நிறைவேற்ற வேண்டும் என்பது விதி. அமைச்சகங்கள் கால நீட்டிப்புக் கேட்பதும், உறுதிமொழியைக் கைவிட அனுமதி கோருவதும் அந்தக் குழுவின் அறிக்கைகளில் பதிவாகின்றன. உங்கள் எம்.பி. கேட்ட கேள்விக்கு இப்படி ஒரு பதில் வந்திருந்தால், அடுத்த கூட்டத்தொடரில் அவர் அதைத் திரும்ப எழுப்பினாரா என்று பாருங்கள். நல்ல உறுப்பினரையும் எண்ணிக்கை சேர்க்கும் உறுப்பினரையும் பிரித்துக்காட்ட இதைவிட எளிய சோதனையை நான் அறியேன்.

மதுரை எய்ம்ஸை எடுத்துக்கொள்வோம். தமிழ்நாட்டுக்கு எய்ம்ஸ் என்ற அறிவிப்பு 2015-16 மத்திய நிதிநிலை அறிக்கையில் வந்தது. தோப்பூரில் 2019 ஜனவரி 27 அன்று அடிக்கல் நாட்டப்பட்டது. ஜப்பானின் ஜைக்கா நிறுவனத்தோடு கடன் ஒப்பந்தம் 2021 மார்ச்சில் கையெழுத்தானது. திட்ட மதிப்பு 1,264 கோடி ரூபாயிலிருந்து 1,977.8 கோடி ரூபாயாக உயர்ந்தது. கட்டடம் எழாததால் முதல் தொகுதி மாணவர்கள் 2022-இல் ராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரி வளாகத்தில் படிக்கத் தொடங்கினார்கள். மதுரையின் சு. வெங்கடேசன், விருதுநகரின் மாணிக்கம் தாகூர் ஆகிய இரு எதிர்க்கட்சி உறுப்பினர்களும் இதைத் தொடர்ந்து எழுப்பிவந்தவர்கள். நாடாளுமன்ற இணையதளமான டிஜிட்டல் சன்சத்தில் கேள்விகளுக்கான பகுதியில் சுகாதார அமைச்சகத்தைத் தேர்ந்து, ஆங்கில எழுத்தில் 'மதுரை', 'எய்ம்ஸ்' என்று தேடி, வரும் பதில்களைத் தேதி வரிசையில் அடுக்குங்கள். அனுமதி கிடைத்தது, கடனுக்குக் காத்திருக்கிறோம், மதிப்பீடு திருத்தப்படுகிறது, ஒப்பந்தப்புள்ளி என்று காரணம் ஒவ்வொரு கட்டத்திலும் நகர்வதைக் காண்பீர்கள். பிறகு ஒவ்வொரு கேள்வியையும் அதற்கு முந்தைய பதிலோடு ஒப்பிடுங்கள். முந்தைய பதிலில் விடுபட்ட தேதியை, சொல்லாமல் விட்ட தொகையை அடுத்த கேள்வி குறிவைத்திருக்கிறதா, அல்லது பழைய கேள்வியே மறுபடி வந்திருக்கிறதா? இந்த ஒப்பீட்டை உங்கள் தொகுதியின் ரயில் பாதைக்கோ, துறைமுகத்துக்கோ, மீனவர் பிரச்சினைக்கோ நீங்களே செய்துபார்க்கலாம்.

கேள்வி அல்லாத வழிகளும் உள்ளன. மக்களவையில் கேள்வி நேரத்துக்குப் பின் வரும் பூஜ்ய நேரத்தில் அவசரப் பிரச்சினைகளை ஓரிரு நிமிடங்களில் எழுப்பலாம். அமைச்சர் பதில் சொல்லியே ஆக வேண்டும் என்பதில்லை. விதி 377-இன் கீழ் எழுப்பப்படும் விவகாரத்துக்கு அமைச்சர் எழுத்தில் பதில் அனுப்புவார். அது கடிதமாக உறுப்பினரின் கைக்கே போகும். பல எம்.பி.க்கள் இக்கடிதங்களைத் தங்கள் சமூக ஊடகப் பக்கங்களில் வெளியிடுகிறார்கள். வெளியிடாதவரிடம் நீங்கள் பிரதி கேட்கலாம்.

பேச்சுக்கு வருவோம். ஒரு மசோதாவுக்கு எத்தனை மணி நேரம் என்பதை அலுவல் ஆய்வுக் குழு முடிவு செய்கிறது. அந்த நேரம் கட்சிகளின் பலத்துக்கேற்பப் பகிரப்படுகிறது. பெரிய எதிர்க்கட்சியின் முதல் பேச்சாளருக்கு இருபது நிமிடம் கிடைக்கும் விவாதத்தில், இரண்டு உறுப்பினர் கொண்ட கட்சிக்கு மூன்று நிமிடம் கிடைத்தால் பெரிது. எனவே பேச்சின் நீளத்தையோ விவாதங்களின் எண்ணிக்கையையோ வைத்து இருவரை ஒப்பிடுவது நியாயமாகாது. எழுத்தில் கொடுத்து மேசையில் வைக்கப்படும் உரையும் அவைக்குறிப்பில் இடம்பெறும். அதன் தலையில் ஒரு நட்சத்திரமும், உரை மேசையில் வைக்கப்பட்டது என்ற அடிக்குறிப்பும் இருக்கும். அந்த உரையை அவையில் யாரும் கேட்கவில்லை என்பதை அறிந்தே படிக்க வேண்டும்.

தமிழ் வாசகருக்கு இன்னொரு செய்தி. நம் உறுப்பினர்கள் தமிழில் பேசும் உரைகள் அவைக்குறிப்பில் பெரும்பாலும், 'தமிழில் ஆற்றிய உரையின் ஆங்கில மொழிபெயர்ப்பு' என்ற அடிக்குறிப்போடுதான் கிடைக்கும். மொழிபெயர்ப்பில் சூடும் சொல்நயமும் குறைவது ஒருபுறம். சில நேரங்களில் வாதத்தின் முனையே மழுங்கிவிடுகிறது. சன்சத் தொலைக்காட்சியின் காணொளியோடு சேர்த்துப் பார்ப்பதே சரி. அதே சமயம், சமூக ஊடகத்தில் ஓடும் இரண்டு நிமிடத் துண்டுக் காணொளியை மட்டும் நம்பவும் கூடாது. கட்சிகளும் உறுப்பினர்களும் வெட்டித் தரும் அந்தத் துண்டில் கைதட்டல் இருக்கும், அமைச்சரின் மறுமொழி இருக்காது.

அவைக்குறிப்பிலிருந்து நீக்கப்படும் பகுதிகளையும் கணக்கில் கொள்ள வேண்டும். தகாத சொற்களை நீக்க மக்களவை விதி 380 சபாநாயகருக்கு அதிகாரம் தருகிறது. 2023 பிப்ரவரியில் ராகுல் காந்தி, மல்லிகார்ஜுன கார்கே ஆகியோரின் உரைகளிலிருந்தும், 2024 ஜூலையில் எதிர்க்கட்சித் தலைவராக ராகுல் காந்தி ஆற்றிய உரையிலிருந்தும் சில பகுதிகள் நீக்கப்பட்டன. நேரலையில் கோடிக்கணக்கானோர் கேட்ட ஒரு வாக்கியம் மறுநாள் அதிகாரபூர்வப் பதிவில் இல்லாமல் போகலாம். நீக்கப்பட்டதை வெளியிடுவது உரிமை மீறலாகவும் ஆகலாம். மேற்கோள் காட்டும்போது, அது திருத்தப்படாத அன்றைய பதிப்பிலிருந்தா, இறுதிப் பதிப்பிலிருந்தா என்று பார்த்துக்கொள்ளுங்கள். இந்தக் குறைகளையெல்லாம் தாண்டி, அவைக்குறிப்பு நீண்ட காலம் வாழ்வது. 1962-இல் மாநிலங்களவைக்குச் சென்ற அண்ணாவின் உரைகளை இன்றும் அவர் பேசிய வரிசையில், குறுக்கீடுகளோடு படிக்க முடிகிறது என்றால் அந்தப் பதிவால்தான்.

அமைச்சர் அல்லாத உறுப்பினர்கள் கொண்டுவரும் தனிநபர் மசோதாக்களைப் பற்றிச் சுருக்கமாக. வெள்ளிக்கிழமை பிற்பகல் இரண்டரை மணி நேரம் அவற்றுக்கு. நாடாளுமன்ற வரலாற்றில் சட்டமானவை 14 மட்டுமே. கடைசியாக ஒன்று சட்டமானது 1970-இல். அதனால் அவற்றை வீண் என்று ஒதுக்கிவிட முடியாது. தி.மு.க.வின் திருச்சி சிவா கொண்டுவந்த திருநர் உரிமைகள் மசோதாவை 2015 ஏப்ரல் 24 அன்று மாநிலங்களவை நிறைவேற்றியது. மக்களவையில் அது நிறைவேறவில்லை. ஆனால் அதன் பிறகே அரசு தன் சொந்த மசோதாவைக் கொண்டுவந்தது. 2019-இல் சட்டம் வந்தது.

நிலைக்குழுக்களில் நடப்பது வெளியே தெரிவதில்லை. கூட்டங்கள் மூடிய கதவுக்குள் நடக்கின்றன. ஆனால் ஒரு மசோதாவை ஆராய இரு அவை உறுப்பினர்களையும் சேர்த்து அமைக்கப்படும் கூட்டுக்குழுவின் அறிக்கைகளின் பின்னிணைப்பில் வரும் மாற்றுக் கருத்துக் குறிப்புகளைக் கட்டாயம் படியுங்கள். எதிர்க்கட்சி உறுப்பினர் ஒருவர் ஒரு மசோதாவை எவ்வளவு ஆழமாகப் புரிந்துகொண்டார் என்பதை ஐந்து நிமிடப் பேச்சைவிட அந்தக் குறிப்பு நன்றாகக் காட்டும். வக்ஃப் திருத்த மசோதா மீதான கூட்டுக்குழு அறிக்கையில், அத்தகைய குறிப்புகளின் சில பகுதிகள் நீக்கப்பட்டதற்கு எழுந்த எதிர்ப்பும், 2025 பிப்ரவரியில் அவை மீண்டும் சேர்க்கப்பட்டதும் அந்தப் பக்கங்களின் முக்கியத்துவத்தைச் சொல்லும்.

இனி அந்தச் சதவீதங்கள். நாடாளுமன்றப் பணிகளை ஆராயும் பி.ஆர்.எஸ். லெஜிஸ்லேட்டிவ் ரிசர்ச் அமைப்பு ஒவ்வொரு உறுப்பினருக்கும் வருகை, விவாதங்கள், கேள்விகள், தனிநபர் மசோதாக்கள் ஆகியவற்றைத் தொகுத்து, மாநில, தேசிய சராசரிகளோடு வெளியிடுகிறது. நேர்மையான, பயனுள்ள தொகுப்பு அது. தொடங்குவதற்கு அதைவிட நல்ல இடம் இல்லை. ஆனால் அதில் இருப்பது எண்ணிக்கை என்பதையும், வாக்குகள் அதில் இல்லை என்பதையும் மறக்க வேண்டாம். வருகை என்பது அன்று வந்ததாகச் செய்த பதிவு மட்டுமே. காலையில் வருகையைப் பதிவு செய்துவிட்டு மாலையில் நடந்த டிவிஷனில் இல்லாதவரும் அன்று வந்தவர்தான். அமைச்சர்களும் எதிர்க்கட்சித் தலைவரும் வருகையைப் பதிவு செய்ய வேண்டியதில்லை என்பதால் அவர்களுக்கு வருகைச் சதவீதமே கிடையாது. அதைச் சொல்லாமல் எதிர்க்கட்சித் தலைவரின் வருகையை யாராவது எண்ணாகப் பரப்பினால் நம்பாதீர்கள். 17-ஆவது மக்களவை ஐந்தாண்டில் கூடியதே 274 நாட்கள்தான் என்னும்போது, இரண்டு மூன்று சதவீத வேறுபாடு சில நாட்களைத்தான் குறிக்கிறது.

நடைமுறையில் இதைச் செய்ய நினைப்பவர், தொகுதியையோ தொழிலையோ நேரடியாகத் தொடும் இரண்டு மூன்று விவகாரங்களை மட்டும் தேர்ந்துகொள்ளுங்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரு தாள். தேதி, கேள்வி எண், பதிலின் சாரம், உறுதிமொழி உண்டா, தொடர்ந்து என்ன நடந்தது என்ற ஐந்து குறிப்புகள் போதும். கூட்டத்தொடர் முடிந்த பிறகு உட்கார்ந்தால் திருத்தப்பட்ட பட்டியல்களும் கிடைத்திருக்கும். அதில் விளங்காத இடம் ஒன்று வரும்: டிவிஷனில் பெயர் இல்லை, அன்று வெளிநடப்பும் இல்லை, இடைநீக்கமும் இல்லை. அப்போது ஊகித்து எழுதாமல், தேதியையும் மசோதாவின் பெயரையும் வாக்கெடுப்பின் முடிவையும் குறிப்பிட்டு, 'அன்று தாங்கள் வாக்களிக்காததற்குக் காரணம் என்ன' என்று உறுப்பினரின் அலுவலகத்துக்கு ஒரு கடிதம் எழுதுங்கள். உடல்நிலை, தொகுதிப் பணி, குழுவின் பயணம் என்று நியாயமான காரணம் இருந்தால் பெரும்பாலும் பதில் வரும். வந்த பதிலையும், வராவிட்டால் கடிதம் அனுப்பிய தேதியையும் அந்த விவகாரத்தின் தாளிலேயே சேர்த்து வையுங்கள்.